தேய்மானக் கணக்கு

கேம் ஆட கம்ப்யூட்டரா, கன்சோலா என்று கேட்டால், என் ஓட்டு கன்சோலுக்குத்தான். கிராஃபிக்ஸ் கார்டு, டிரைவர் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டப்பாவைப் பிரித்தோமா, ஆடினோமா, அவ்வளவுதான்.

கையில் பிடித்து ஆடும் கன்சோலில் மட்டும் ஒரு 'ஆனால்' இருக்கிறது. நிண்டெண்டோவின் 'ஸ்விட்ச்' 2017 மார்ச்சில் 300 டாலருக்கு வந்து சக்கைப்போடு போட்டது. கூடவே ஒரு வியாதி: யாரும் தொடாமலே திரையில் ஹீரோ தன் பாட்டுக்கு நடந்தார். கட்டை விரலால் தள்ளும் குச்சிக்கு அடியில் ஒரு கார்பன் பட்டை. உலோக முனை உரசி உரசி அது தேய்ந்துவிடுகிறது. 2019-ல் அமெரிக்காவில் வழக்கு, 2020-ல் தலைவர் ஃபுருகாவாவின் மன்னிப்பு.

உரசாமல் காந்தத்தால் இயங்கும் குச்சி 1998-லேயே சேகாவின் 'டிரீம்காஸ்ட்'டில் இருந்தது. 2025-ல் வந்த 'ஸ்விட்ச் 2'-விலும் அதைக் காணோம்!

'ஸ்விட்ச்'சிலாவது ஜாய்கானைக் கழற்றி வேறு மாட்டலாம். 2019-ல் வந்த, 100 டாலர் மலிவான 'லைட்'டில் அதுவும் உடம்போடு ஒட்டியது. குச்சி தேய்ந்தால் மொத்த மெஷினையும் ரிப்பேருக்கு அனுப்ப வேண்டியதுதான்.

பி.காமில் தேய்மானத்தைக் கணக்கில் எழுதச் சொல்லித் தந்தார்கள். விலைச்சீட்டில் அதை யாரும் எழுதுவதில்லை. கன்சோலே வாங்குங்கள். தேய்கிற பாகம் கழலுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.