பேய்ப் படக்கதைகளும் வாசகர் அபிப்பிராயமும்

புளியந்தோப்பில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்திலிருந்து சென்ற மாதம் என்னிடம் ஒரு வழக்கு வந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் பேய்ப் படக்கதைகளாகவே வாங்கிச் சேர்க்கிறான். அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாமா என்று அவன் தாயார் கேட்டார். நாவல் எழுதுகிறவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்பது அந்த அம்மாளின் நம்பிக்கை. ஒன்றைக்கூடப் படித்துப் பாராமல், "போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

இந்தத் தீர்ப்பில் எனக்குத் துணை இல்லாமல் இல்லை. இத்தகைய புத்தகங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று 1954-ல் அமெரிக்க மனநல வைத்தியர் பிரெடரிக் வெர்தாம் ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில் அங்குள்ள பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். பிரிட்டன் 1955-லும் நமது பார்லிமெண்டு 1956-லும் சட்டம் செய்தன. ஆனால் வெர்தாமின் குறிப்புகளை ஆராய்ந்த கேரல் டில்லி, அவர் சாட்சியங்களைத் திரித்திருக்கிறார் என்று 2012-ல் எடுத்துக் காட்டினார். படிக்காமல் தீர்ப்புச் சொன்னவன் நான் ஒருவன் மட்டும் அல்ல என்பதில் ஓர் அற்ப ஆறுதல்.

நம்மவர்களுக்குப் பேய் புதிதா? 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவை வீட்டுக்கு வீடு வாங்கினோம். தோளில் பிணத்தைச் சுமந்து விக்கிரமாதித்தன் நடப்பதைச் சங்கர் வரைந்தார். பிள்ளைகள் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். யாரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. அந்தக் கதைகளில் பயம் பிணத்தில் இல்லை. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்ற நிபந்தனையில் இருக்கிறது.

சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸும் 1984-ல் லயனும் வந்தன. பிறகு திகில் என்ற பெயரிலேயே ஓர் இதழ் வந்தது. இத்தாலியில் 1986-ல் டிசியானோ ஸ்க்லாவி படைத்த டைலன் டாக்கும் தமிழ் பேசினான். பேய்களைத் துப்பறியும் அவன் தானே பல விஷயங்களுக்குப் பயப்படுகிறவன். அவன் கதைகளில் பூதத்தைக் காட்டிலும் மனிதர்களே பல சமயம் கொடியவர்கள்.

இவற்றைப் பற்றி வாசகர்களிடம் நான் கேட்கும் அபிப்பிராயங்கள் மூன்று. குழந்தைகளுக்கு ஆகாது என்பது ஒன்று. பேயே இல்லாதபோது பேய்க்கதை எதற்கு என்பது இரண்டாவது. சித்திரம் பிரமாதம் என்பது மூன்றாவது. முதலாமவர் படிப்பதில்லை. இரண்டாமவர் கதையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்; கதை நம்மை நம்பச் சொல்லவில்லை, சற்று நேரம் கூட வரச் சொல்கிறது, அவ்வளவுதான். மூன்றாமவர் பாராட்டுகிறார், ஆனால் எந்த இடத்தில், எதனால் பயந்தோம் என்று சொல்வதில்லை. அதைச் சொல்லாத அபிப்பிராயம் விமரிசனம் ஆகாது.

சினிமாவில் பயத்தின் வேகம் டைரக்டர் கையில் இருக்கிறது. படக்கதையில் அது வாசகன் கையில். ஒரு கட்டத்தில் கதவு மூடியிருக்கிறது. அடுத்த கட்டத்தில் திறந்திருக்கிறது. திறந்தது யார்? கட்டங்களுக்கு நடுவிலுள்ள அந்த வெள்ளை இடைவெளியில் நாமே திறக்கிறோம். தேர்ந்த ஓவியன் இதை அறிந்தவன். மட்டமானவன் பக்கம் முழுவதும் ரத்தத்தைக் கொட்டிவிட்டு, பயமுறுத்திவிட்டதாக நினைத்துக்கொள்கிறான்.

இதை எனக்குப் புரியவைத்தவன் அந்தப் பையன்தான். அவன் தகப்பனார் விடியுமுன் ஆட்டுத்தொட்டிக்கு வேலைக்குப் போகிறவர். ரத்தம் அவனுக்கு அதிசயம் அல்ல. எது பயம் என்று கேட்டேன்.

"பேய் வந்தா பயமில்ல சார். அது வர்றதுக்கு முன்னாடி வூட்ல எல்லாரும் பேசாம குந்தினுகிறாங்க பாரு, அதான் ஒரு மாதிரி கீது" என்றான்.

பக்கத்தைப் புரட்டி அந்த இடத்தையும் காட்டினான். ஒரு மேஜை, நான்கு பேர், யார் வாயும் திறக்கவில்லை. ரத்தம் ஒரு துளி இல்லை. வேறொரு புத்தகத்தை எடுத்து, "இது சும்மா சார், கத்திதான்" என்று ஒதுக்கினான். தரம் பிரிக்கத் தெரிந்த வாசகன் அவன். அவனுடைய புத்தகங்களுக்குத் தரம் தெரியாத நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

எல்லாப் பேய்க்கதையும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை மோசமானவைதான். சமூக நாவல்களிலும் அப்படியே. பயமுறுத்துவது குற்றமல்ல, வீணாகப் பயமுறுத்துவது குற்றம்.

அந்த அம்மாளிடம் என் தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அதற்குள் இரண்டு புத்தகங்கள் எடைக்குப் போயிருந்தன. கடைக்குப் போய்த் தேடினேன், கிடைக்கவில்லை. பையன் என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.