கல்லான சிப்பிகளும் ஸ்டொலிச்காவின் நூலும்

சாளக்கிராமக் கல்லை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அதனுள் ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல் சுருண்டு தெரிவது அம்மோனைட் என்னும் கடற்பிராணியின் ஓடு. கணவாய்க்கு உறவான இப்பிராணிகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்தன. நம் அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்களிலும் இவற்றின் ஓடுகள் கல்லாகிப் புதைந்து கிடக்கின்றன. கிரிட்டேஷியஸ் காலத்தில் அங்கே கடல் பரந்திருந்தது. அக்கடலின் உயிர்களைப் பற்றிய பெருநூல், 'தென்னிந்தியாவின் கிரிட்டேஷியஸ் உயிரினங்கள்'. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடிப் புரட்டுகிறார்கள். அந்நூலின் நிறை என்ன, குறை என்ன என்று பார்ப்போமா?

அதன் பெரும்பகுதியை எழுதியவர் பெர்டினாண்ட் ஸ்டொலிச்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் 1838-இல் பிறந்தவர். வியன்னாவில் பயிற்சி பெற்று, 1862-இல் கல்கத்தாவிலிருந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். எச். எப். பிளான்போர்டும் அவருடைய துணைவர்களும் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பாறைகளை ஆராய்ந்து, பெட்டி பெட்டியாகப் புதைபடிவங்களைச் சேர்த்து அனுப்பியிருந்தனர். அவற்றை வகைப்படுத்தும் வேலை ஸ்டொலிச்காவிடம் வந்தது. அம்மோனைட்டுகள், நத்தையினங்கள், இருசிப்பிகள், பவளங்கள் முதலியவை என்று நான்கு தொகுதிகளும் 1873-க்குள் முடிந்துவிட்டன. மறு ஆண்டே, யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் மலைகளில் அவர் இறந்தார். அப்போது வயது 36.

நூலின் முதல் சிறப்பு வருணனை. ஒவ்வோர் ஓட்டின் சுருள், வரி, முடிச்சு, தடிப்பு ஆகியவற்றை அளந்து எழுதி, கூடவே தெளிவான படமும் தந்திருக்கிறார். இரண்டாவது சிறப்பு, அவருடைய பரந்த பார்வை. இருசிப்பிகளைப் பற்றி எழுதும்போது தென்னிந்தியச் சிப்பிகளோடு நின்றுவிடவில்லை. அன்று அறியப்பட்டிருந்த உயிருள்ள, அழிந்த பேரினங்கள் அனைத்தையும் திரும்ப ஆராய்ந்தார். உயிருள்ள நத்தைகளையும் ஆராய்ந்தவர் அவர். ஓட்டை மட்டும் பார்க்காமல், அதற்குள் வாழ்ந்த பிராணியையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

இதன் பயன் தென்னிந்தியாவோடு நிற்கவில்லை. மடகாஸ்கரிலோ ஜப்பானிலோ ஓர் அம்மோனைட் கிடைத்தால், அது புதியதா, முன்பே பெயரிடப்பட்டதா என்று அறிய இந்நூலோடு ஒப்பிட வேண்டியிருந்தது. அவர் இறந்த மறு ஆண்டு, 1875-இல், நியூமாயர் என்ற அறிஞர் ஓர் அம்மோனைட் பேரினத்துக்கு 'ஸ்டொலிச்காயா' என்று பெயரிட்டார். கிரிட்டேஷியஸ் பாறைகளின் ஒரு காலப்படியையே ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் அப்பேரினத்தின் ஒரு சிற்றினத்தைக் கொண்டு குறித்துவந்தனர்.

இனி குறைக்கு வருவோம். அம்மோனைட்டுகளில் பெரும்பாலானவற்றை அவர் 'அம்மோனைட்டஸ்' என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். அது அக்கால வழக்கம். 1895 முதல் 1898 வரை வியன்னாவின் கோஸ்மாட் இவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்துச் சீர்செய்தார். இதைவிடப் பெரிய குறை வேறொன்று. ஒவ்வோர் ஓட்டுக்கும் ஒதியம் போன்ற ஊர்ப் பெயரும், ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற மூன்று பாறைத் தொகுதிகளில் ஒன்றன் பெயரும் உண்டு. அத்தொகுதியில் எந்த அடுக்கில் கிடைத்தது என்ற விவரம் இல்லை. இது சிறு விஷயமா? ஊட்டத்தூர்த் தொகுதி மட்டுமே படிய ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 'ஊட்டத்தூர்' என்று குறிக்கப்பட்ட இரு பிராணிகள் ஒரே கடலில் சேர்ந்து நீந்தினவா, ஒன்று மறைந்து வெகுகாலம் கழித்து மற்றது தோன்றியதா என்று நூலைக் கொண்டு சொல்ல முடியாது. எது முன்பு, எது பின்பு என்று தெரியாமல் உயிர்களின் வரலாற்றை எப்படி எழுதுவது?

ஆகவே பின்வந்தவர்கள் மறுபடியும் ஓடைக்கரைகளில் இறங்கி, அடுக்கடுக்காகச் சேகரிக்க நேர்ந்தது. 1968-இல் சாஸ்திரி, ராவ், மாம்கைன் ஆகிய மூவரும் திருச்சிராப்பள்ளிப் பாறைகளைப் புதைபடிவங்களைக் கொண்டு மண்டலங்களாகப் பிரித்து வெளியிட்டது இவ்வழியில் ஒரு முக்கியமான படி. ஸ்டொலிச்கா ஓடுகளை அடையாளம் காட்டினார். அவற்றைக் கால வரிசையில் அடுக்கும் வேலை பின்வந்தவர்களுக்கு விழுந்தது. அவர் தந்த அடையாளம் துல்லியமாக இருந்ததால்தான் அவ்வேலை சாத்தியமாயிற்று என்பதையும் மறக்கக்கூடாது.

அவர் கையாண்ட ஓடுகள் கொல்கத்தாவில் காப்பாக உள்ளன. அவை கிடைத்த பாறைகளோ திறந்த வெளியில் இருக்கின்றன. சிமெண்டுக்காக அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. வெட்டும்போது புதிய அடுக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன. குறித்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் அவை அரைவைக்குப் போய்விடுகின்றன. நூலில் குறையிருந்தால் திருத்திக்கொள்ளலாம், பாறை இருக்கும்வரை. ஆகவே அப்பக்கம் போகும்போது ஒரு கற்சிப்பி கண்ணில் பட்டால் உடனே எடுத்துவிடாதீர்கள். இடம் எது, எந்த அடுக்கு, மேலும் கீழும் என்ன பாறை என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டொலிச்காவின் கைக்கு வராமல் போன விவரம் அதுதான்.