கோல்டன் கமுய்: ஏட்டிலும் திரையிலும் ஐனு மொழி

1. முன்னுரை

வெகுசனப் படைப்புகளில் சிறுபான்மை மொழிகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அலங்கார இடமே. ஒரு வாழ்த்து, ஒரு வசவு, சில ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றோடு அது முடிந்துவிடும். இவ்வழக்கத்தினின்று பெரிதும் விலகிய ஒரு படைப்பு ஜப்பானில் தோன்றியுள்ளது. நோடா சத்தோரு எழுதி வரைந்த 'கோல்டன் கமுய்' என்னும் மங்கா, அதாவது சித்திரக்கதைத் தொடர், வயதுவந்த வாசகர்க்கான 'வீக்லி யங் ஜம்ப்' இதழில் 2014 முதல் 2022 வரை வெளிவந்து 31 தொகுதிகளில் நிறைவுற்றது. 2018இல் தெசுகா ஒசாமு பண்பாட்டு விருதின் தலைமைப் பரிசையும் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் அதன் அனிமேஷன் வடிவம் தொலைக்காட்சியில் தொடங்கியது. முதல் மூன்று பருவங்களை ஜெனோ ஸ்டூடியோவும் நான்காம் பருவத்தைப் பிரெயின்ஸ் பேஸ் நிறுவனமும் தயாரித்தன. இவ்விரு வடிவங்களிலும் ஐனு மொழி எவ்வாறு கையாளப்பட்டுள்ளது என்பதையும், அக்கையாளல் எந்த எல்லையில் நின்றுவிடுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கதையில் மொழியின் பங்கு

1904-05இல் நடைபெற்ற ரஷ்ய-ஜப்பானியப் போருக்குப் பிந்தைய ஹொக்கைடோ தீவே கதைக்களம். போரிலிருந்து மீண்ட சுகிமொத்தோ என்னும் வீரனும், அசிர்பா என்னும் ஐனு சிறுமியும், மறைத்து வைக்கப்பட்ட ஐனு மக்களின் பொன்னைத் தேடிச் செல்கின்றனர். பொன் இருக்குமிடம் அபஷிரி சிறைக் கைதிகள் 24 பேரின் உடல்களில் பச்சைக் குத்தாகப் பொறிக்கப்பட்டுள்ளது. கொலையும் குரூரமும், அவற்றின் நடுவே எதிர்பாராத நகைச்சுவையும் நிறைந்த கதை இது.

இக்கதையில் ஐனு மொழி பின்னணி ஓசையாக நிற்கவில்லை, நிகழ்ச்சிகளை இயக்குகிறது. அசிர்பாவின் பாட்டி ஐனு மொழி மட்டுமே அறிந்தவர். அவர் சுகிமொத்தோவிடம் சொல்வதை அசிர்பா தன் விருப்பம்போல் மாற்றி மொழிபெயர்க்கும் காட்சி, இருமொழியாளரிடம் உள்ள அதிகாரத்தை ஒரு வேடிக்கையாகவே உணர்த்திவிடுகிறது. இதனினும் முக்கியமானது, பச்சைக் குத்துகளின் மறைகுறியை அவிழ்க்கும் திறவுகோலாக அமைவது அசிர்பாவின் தந்தைக்கு வழங்கிய ஓர் ஐனுப் பெயர் என்பது. படைகளும் கொள்ளையரும் தேடி அலையும் செல்வத்தின் வாயில், ஒரு சிறுமியின் நினைவில் புதைந்துள்ள தாய்மொழிப் பெயரொன்றால் திறக்கிறது. மொழியையே புதையலின் சாவியாக்கியதில் ஆசிரியரின் நோக்கம் தெளிவாகிறது.

3. எழுத்தும் ஒலியும்

ஐனு எம்மொழிக் குடும்பத்தையும் சேராத தனிமொழி. 2009இல் யுனெஸ்கோ அதனை மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ள மொழிகளுள் ஒன்றாக வகைப்படுத்தியது. அதன் அசையமைப்பு ஜப்பானிய அசையமைப்பினின்று வேறுபட்டது. ஜப்பானிய அசைகள் பெரும்பாலும் உயிரில் முடிவன. ஐனு மொழியிலோ ப், த், க், ர், ம் முதலிய மெய்களும் அசையிறுதியில் வரும். கத்தகானா எழுத்துக்கள் அசையெழுத்துக்களாதலின், இத்தகைய ஈற்று மெய்களைக் குறிக்க அவற்றில் வழியில்லை. ஆகவே ஐனு மொழிக்கென, ஈற்று மெய்யைக் காட்ட எழுத்தைச் சிறிதாக எழுதும் முறை உருவாயிற்று. இச்சிறு எழுத்துக்கள் 2002இல் வெளிவந்த யூனிகோடு 3.2 பதிப்பில் இடம்பெற்றன. தமிழில் புள்ளி ஆற்றும் பணியை அங்கே எழுத்தின் உருவச் சிறுமை ஆற்றுகிறது எனலாம்.

நோடா இம்முறையைத் தளராது பின்பற்றியுள்ளார். அசிர்பா என்னும் பெயரின் நடுவிலுள்ள ரகர மெய் ஒவ்வொரு பக்கத்திலும் சிறிய எழுத்தாகவே அச்சாகியுள்ளது. புத்தாண்டு எனப் பொருள்படும் அப்பெயர் ஐனு மொழியில் மூன்று அசைகளை உடையது. ஜப்பானிய நாவில் அது நான்காக நீள்வது இயல்பு. ஜப்பானிய வாசகர் ஒவ்வொரு முறை அப்பெயரைக் காணும்போதும், தம் எழுத்துமுறைக்குள் அடங்காத ஓர் ஒலி அங்கே உள்ளது என்பதை அச்சிறு எழுத்து நினைவூட்டுகிறது. சிபா பல்கலைக்கழகத்தில் ஐனு மொழி ஆய்வில் ஈடுபட்ட மொழியியலாளர் நகாகவா ஹிரோஷி இப்படைப்பின் ஐனு மொழிப் பகுதிகளை மேற்பார்வையிட்டார். சித்திரக்கதை ஒன்று மொழியியலாளரின் கண்காணிப்பில் இத்தனை ஆண்டுகள் வெளிவந்தமை அரிதான செய்தி.

தொலைக்காட்சியில் நிலை மாறுகிறது. அங்கே மொழிக்குக் குரல் கிடைக்கிறது. பாட்டியின் பேச்சை இசையோட்டத்துடன் கேட்க முடிகிறது. ஐனு மொழியை ஒருபோதும் கேட்டிராத ஜப்பானிய இல்லங்களுக்கு இது சிறிய பேறன்று. ஆயினும் எழுத்து தந்த எச்சரிக்கை மறைந்துவிடுகிறது. விரைந்து செல்லும் உரையாடலில் அப்பெயர் மூன்று அசையா நான்கு அசையா என்பதைச் செவி பிரித்தறிவது கடினம். மேலும், ஏட்டில் வாசகர் ஒரு சொல்லின்முன் வேண்டிய அளவு நிற்கலாம். விளக்கத்தைப் படித்தபின் மீண்டும் படத்துக்குத் திரும்பலாம். குறிப்பிட்ட சில அத்தியாயங்களுக்குள் ஒரு பருவத்தை அடக்க வேண்டிய தொடருக்கு அந்த ஓய்வு இல்லை. திரை ஒலியைக் கொடுத்து, ஒலியைப் பற்றிய அறிவை எடுத்துக்கொள்கிறது.

4. பெயர்ச்சொல்லின் எல்லை

இரு வடிவங்களுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. பாட்டி போன்றோரின் பேச்சை நீக்கிவிட்டால், ஐனு மொழி பெரும்பாலும் பெயர்ச்சொற்களாகவே வருகிறது. விலங்கு, உணவு, கருவி, தெய்வம் ஆகியவற்றின் பெயர்கள் ஜப்பானிய வாக்கியங்களுக்குள் பதிக்கப்படுகின்றன. வாசகர் சொற்கோவையைப் பெறுகிறார், இலக்கணத்தைப் பெறுவதில்லை.

இதற்கு நல்ல சான்று 'சித்தத்தப்' என்னும் உணவுப் பெயர். இறைச்சியைக் கத்தியால் கொத்திக் கொத்திச் செய்யும் இவ்வுணவைத் தயாரிக்கும்போது அனைவரும் அச்சொல்லைச் சொல்லிக்கொண்டே கொத்த வேண்டும் என்று அசிர்பா வற்புறுத்துவாள். சுகிமொத்தோவும் பிற வீரர்களும், இறுதியில் வாய் திறக்க மறுத்துவந்த ஓகத்தாவும்கூட அதைச் சொல்கின்றனர். 'தத்த' என்பது கொத்துதல். ஈற்றுப் பகரம் பொருளைக் குறிக்கும். 'சி' என்னும் முன்னொட்டு தன்மைப் பன்மை. ஆக, 'நாங்கள் கொத்தியது' என்பது சொற்பொருள்.

இங்கே ஜப்பானிய மொழிபெயர்ப்பு காட்ட இயலாத ஒன்று உள்ளது. தமிழைப்போலவே ஐனு மொழியும் 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாட்டை உடையது. ஜப்பானிய மொழியில் அவ்வேறுபாடு இல்லை. 'சி' என்பது முன்னிலையாரை உளப்படுத்தாத 'நாங்கள்'. இறுகிய பெயர்ச்சொல்லில் அப்பொருள் மங்கியிருப்பது இயற்கையே. எனினும், அந்நியர் அனைவரையும் ஒரே 'நாம்' ஆக்கும் சடங்காகக் கதை கொண்டாடும் சொல்லுக்குள் 'நாங்கள்' உறைந்து கிடக்கிறது. ஒன்றாக அமர்ந்து உண்போரின் மகிழ்ச்சியை வாசகர் காண்கிறார். அச்சொல் யாருடையது என்னும் வினாவைக் காண்பதில்லை.

அந்த வினா வரலாற்றோடு தொடர்புடையது. 1899ஆம் ஆண்டின் 'முன்னாள் பூர்வகுடியினர் பாதுகாப்புச் சட்டம்' ஐனு மக்களை உழவராக மாற்ற முனைந்தது. அவர்தம் குழந்தைகளுக்கென ஏற்பட்ட பள்ளிகளில் ஜப்பானிய மொழியே பயிற்றுமொழி. தலைமுறைகளுக்கிடையே மொழி அறுந்தது அவ்விடத்தில்தான். அச்சட்டம் 1997இல்தான் நீக்கப்பட்டது. அசிர்பா சரளமாக ஜப்பானிய மொழி பேசுவது கதைக்கு வசதி. ஆனால் அவள் வயதுக் குழந்தைகளை அம்மொழி எவ்வாறு சென்றடைந்தது என்பதைக் கூறும் பள்ளி கதையின் மையத்துக்கு வருவதே இல்லை. இரங்கத்தக்கவராக அன்றி வலிமை உடையவராக ஐனு மக்களைச் சித்திரிக்க வேண்டும் என்பதே ஆசிரியரின் கொள்கை. அக்கொள்கை மதிப்பிற்குரியது, அசிர்பாவைப் போன்ற அறிவும் தன்மதிப்பும் மிக்க பாத்திரம் அதனால்தான் பிறந்தது. ஆயினும் வலிமையைக் காட்டுவதற்கு இழப்பை மறைக்க வேண்டியதில்லை.

5. முடிவுரை

ஒரு மொழியின் சொற்களைப் பல இலட்சம் பேர் அறிவது வேறு. அம்மொழியை ஒரு குழந்தை பேசுவது வேறு. முன்னதை இப்படைப்பு செய்துள்ளது. பின்னதைச் சித்திரக்கதையோ தொலைக்காட்சித் தொடரோ செய்ய இயலாது. அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. 1983இல் நிபுத்தானியில் ஐனு மொழிப் பள்ளியைத் தொடங்கிய கயானோ ஷிகேருவைப் போன்றோரின் பணி அது. 1994இல் ஹொக்கைடோ உத்தாரி சங்கம் வெளியிட்ட ஐனு மொழிப் பாடநூலின் பெயர் 'அகொர் இத்தக்'. 'எங்கள் மொழி' என அதைப் பெயர்த்தல் பொருந்தாது. 'அ' என்னும் முன்னொட்டு கேட்போரையும் உளப்படுத்துவது. ஆதலின் 'நம் மொழி' என்பதே பொருள். கற்போரைத் தம்முள் சேர்த்துக்கொண்டு அந்நூல் பேசுகிறது. 'கோல்டன் கமுய்' வாசகரை அந்நூலின் வாயில்வரை கொண்டுவந்து விடுகிறது. வெகுசனப் படைப்பொன்றிடம் அழியும் மொழி பெறக்கூடிய உதவிகளுள் இது குறிப்பிடத்தக்கதே. வாயிலைக் கடத்தல் கற்போரின் கடமை.