பெயருக்கு நூறு டாலர்

கிராபிக்ஸ் கார்டு விலையைப் பற்றி யார் குறைப்பட்டாலும் இப்போது ஒரு பதில் தயாராக இருக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 2023இல் வந்தபோது 599 டாலர். 2025இல் வந்த 5070 549 டாலர்தான். 4060 வந்தபோது 299, 5060-உம் அதே 299. ஆக விலை ஏறவில்லை, ஒரு படியில் இறங்கியே இருக்கிறது. மற்றதெல்லாம் பழைய காலத்தை நினைத்து ஏங்குகிறவர்களின் புலம்பல். நிதானமானவர்கள் என்று பெயரெடுத்த விமர்சகர்களே இப்படிப் பேசுகிறார்கள். எண்களில் தவறு இல்லை. அந்த எண்களை எதிரெதிரே நிறுத்த அவர்கள் எடுத்துக்கொள்ளும் அடிப்படையில்தான் தவறு இருக்கிறது. எழுபது என்று முடிகிற இரண்டு கார்டுகளும் ஒரே தரத்தைச் சேர்ந்தவை என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கே தொடங்குகிறது. அந்தத் தரத்தை வகுப்பவர் விற்பவர். அதற்கு வெளியிலிருந்து யாரும் விதித்த அளவுகோல் கிடையாது. எத்தனை கோர் இருந்தால் எழுபது, எவ்வளவு மெமரி இருந்தால் அறுபது என்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. விற்பவர் தன் விருப்பப்படி ஒட்டும் சீட்டை வைத்து விற்பவரின் விலை நியாயமானதா என்று தீர்ப்பளிப்பது விமர்சனம் ஆகாது.

எதிர்த்தரப்பில் உண்மை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. 2016இல் 249 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1060இன் விலையைப் பணவீக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் 2025இல் சுமார் 330 டாலர் வரும். அந்தக் கணக்கில் 299 டாலர் மலிவுதான். சிப்பை உற்பத்தி செய்யும் டிஎஸ்எம்சியின் புதிய தலைமுறை வேஃபர்கள், அதாவது சிப்கள் வெட்டியெடுக்கப்படும் சிலிக்கான் தட்டுகள், பழையவற்றைவிட மிக அதிக விலை. சிப் விலை காலப்போக்கில் தானாகக் குறையும் என்பது முடிந்துபோன கதை என்று என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் 2022இலேயே வெளிப்படையாகச் சொன்னார். மின்சாரச் செலவிலும் முன்னேற்றம் உண்டு: 3060 170 வாட் கேட்டது, 4060 115 வாட்டில் ஓடுகிறது. நூற்றுக்கணக்கான மாடல்கள் குவிந்துகிடக்கும் சந்தையில் வாங்குகிறவருக்கு ஒரு சுருக்கப் பெயர் தேவை என்பதும் சரி. இவ்வளவும் சரியாக இருக்க, பெயர் அளந்து காட்டுகிறதா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

அளக்கவில்லை என்பதற்கு என்விடியாவே ஒரு சாட்சியம் கொடுத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அது அறிவித்தது. ஒன்று 16 ஜிபி, 1199 டாலர். மற்றது 12 ஜிபி, 899 டாலர். மெமரி அளவு மட்டும்தான் வேறு என்று பெயரைப் படித்தவர் நினைப்பார். உண்மையில் இரண்டிலும் சிப்பே வேறு. பெரியதில் 9728 கோர், 256 பிட் மெமரிப் பாதை. சிறியதில் 7680 கோர், 192 பிட். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியதும் அக்டோபரில், ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் இருப்பது குழப்பம் தருகிறது, பெயர் சரியாக அமையவில்லை என்று ஒப்புக்கொண்டு சிறியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அந்தக் கார்டே ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பெயரில் வந்தது. அதே சிப், அதே 7680 கோர், அதே 12 ஜிபி, அதே 192 பிட். விலை மட்டும் 799 டாலர். நடுவில் வேஃபர் விலை விழவில்லை, கோர் எதுவும் கழற்றப்படவில்லை. எண்பது என்பது எழுபது ஆனவுடன் நூறு டாலர் உதிர்ந்தது. உற்பத்திச் செலவுதான் விலையை நிர்ணயிக்கிறது என்று வாதாடுகிறவர்கள் இந்த நூறு டாலருக்குக் கணக்குக் காட்டட்டும். எந்தப் பெயரைப் போட்டால் எவ்வளவு கேட்கலாம் என்பதுதான் அங்கே கணக்கிடப்பட்டது. அந்த ஒருமுறை பிடிபட்டதற்குக் காரணம், இரண்டு கார்டுகளும் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றதுதான். அதே மாற்றம் தலைமுறை தாண்டி நடக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க எதுவும் இருப்பதில்லை; அதனால் பிடிபடுவதும் இல்லை.

தலைமுறை தாண்டி என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் உச்சியில் உள்ள கார்டை நூறாக வைத்துக்கொண்டால், 2020இல் 3080இன் கோர்கள் 3090இல் 83 சதவீதம். 2022இல் 4080இன் கோர்கள் 4090இல் 59 சதவீதம். 2025இல் 5080 வந்தபோது 5090இல் பாதிகூட இல்லை, 49. எழுபதின் கதை இன்னும் மோசம்: 3070 உச்சியில் 56 சதவீதம், 4070 36, 5070 28. அறுபதில் 3060 34, 4060 19, 5060 18. பத்தொன்பது, பதினெட்டு என்ற இந்த இடத்தில் 2016இல் தொடங்கிய தலைமுறையில் எந்தக் கார்டு இருந்தது தெரியுமா? 109 டாலருக்கு விற்ற ஜிடிஎக்ஸ் 1050. அதன் 640 கோர்கள் 1080 டிஐயின் 3584இல் ஏறக்குறையப் பதினெட்டு சதவீதம். அன்று ஏணியின் அடிப்படியில் ஐம்பது என்று எழுதியிருந்த இடத்தில் இன்று அறுபது என்று எழுதியிருக்கிறது. பணவீக்கத்தைச் சேர்த்தால் அந்த 109 டாலர் சுமார் 145 ஆகும், 299 ஆகாது. தானியத்தின் விலையை ஏற்றாமல் மரக்காலைச் சிறிதாக்குவது போன்ற வேலை இது. விலைப்பலகையை மட்டும் பார்க்கிறவருக்கு எதுவுமே மாறியிருக்காது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. உச்சிக் கார்டுதான் வீங்கிப்போயிருக்கிறது, அதனால் சதவீதம் சுருங்கித் தெரிகிறது. 5090இன் சிப் 750 சதுர மில்லிமீட்டர், 1080 டிஐயினுடையது 471தான். 5090 1999 டாலருக்கு அறிவிக்கப்பட்ட வேறு வகைப் பொருள், அதை அளவுகோலாக வைப்பது அநியாயம் என்கிறார்கள். சரி, உச்சியை ஒதுக்கிவைப்போம். அறுபதை அறுபதோடு மட்டும் ஒப்பிட்டாலும் 1060இன் சிப் 200 சதுர மில்லிமீட்டர், 3060இன் சிப் 276, 4060 சுமார் 159, 5060 181. 1060-க்கும் 3060-க்கும் 192 பிட் மெமரிப் பாதை இருந்தது; அடுத்த இரண்டுக்கும் 128. 3060 12 ஜிபியோடு வந்தது, அதற்கு அடுத்து வந்த 4060 8 ஜிபியோடு. புதிய கார்டில் பழையதைவிடக் குறைந்த மெமரி என்பதை எந்த உச்சிக் கார்டின் வீக்கமும் விளக்காது. கேட்பவர்க்கு உடனே புரியும் இன்னொரு அளவும் இருக்கிறது: ஒரு தலைமுறை மாறும்போது கீழ்ப்படி எவ்வளவு உயரம் ஏறியது என்பது. 1060 வந்தபோது முந்தைய தலைமுறையின் 980-ஐ எட்டியது, அறுபது எண்பதைத் தொட்டது. 499 டாலர் 3070, ஆயிரம் டாலர் கேட்ட 2080 டிஐக்குச் சமமாக நின்றது. 4070, 3080 அளவுக்கு வந்தது, இரண்டுக்கும் அறிவிப்பு விலையில் வித்தியாசம் வெறும் நூறு டாலர். 5070-ஓ 4070 சூப்பரை எட்டியதோடு நின்றுவிட்டது. எழுபது எழுபதையே தாண்டத் திணறுகிறது. வேஃபர் விலை ஏறியதால் இப்படி ஆயிற்று என்றால் அதை நேரடியாகச் சொல்லலாம்: இந்தப் பணத்துக்கு இனி சிறிய சிப்தான் கட்டுப்படியாகும், அதற்கு இது பெயர் என்று. வாங்குகிறவர் அதை ஏற்கவும் செய்யலாம். செலவு கூடியது உண்மையான காரணம் என்றால் அதைப் பெயருக்குப் பின்னால் ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒளித்துவைப்பது எப்படி வேலை செய்கிறது என்பதை 5060 டிஐ காட்டியது. 2025 ஏப்ரலில் அது 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர் என்று ஒரே பெயரில் வந்தது. விமர்சகர்களின் கைக்கு 16 ஜிபி கார்டு வெளியீட்டுக்கு முன்பே போனது. 8 ஜிபி கார்டு போகவில்லை. முதல் நாள் வெளிவந்த பாராட்டெல்லாம் பெரிய கார்டுக்கு, ஆனால் தலைப்பில் இருந்த பெயர் இரண்டுக்கும் பொது. சிலர் சிறியதைக் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சோதித்த பிறகுதான் வித்தியாசம் வெளியே வந்தது. புதிய விளையாட்டுகளில் காட்சித் தரத்தை ஏற்றினால் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. நிரம்பியபின் கார்டு தன் மெமரியில் இடமில்லாததைக் கணினியின் ராமில் வைத்து, மதர்போர்டு வழியாக இழுத்துவர வேண்டியிருக்கிறது. சராசரி ஃபிரேம் எண்ணிக்கை ஓரளவு கௌரவமாகவே தெரியும். ஆனால் படம் நடுநடுவே ஒரு கணம் உறைந்து நிற்கும், சுவரும் தரையும் பக்கத்தில் போனபிறகும் மங்கலாகவே கிடக்கும். கோர்களில் திறன் மிச்சம் இருந்தும் மெமரி இல்லாமல் கார்டு மூச்சுவாங்குகிறது. போட்டி நிறுவனமான ஏஎம்டியும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியில், ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இதையே செய்தது; பெரும்பாலோர் 1080பி திரையில்தான் ஆடுகிறார்கள், அவர்களுக்கு 8 ஜிபி போதும் என்று அதன் தரப்பு சொன்னது. போதும் என்றே வைத்துக்கொள்வோம். போதுமான ஒரு கார்டுக்குத் தனக்கென்று ஒரு பெயர் வைப்பதில் என்ன தயக்கம்? 2022இல் குழப்பம் என்று ஒப்புக்கொண்ட பழக்கத்துக்கு என்விடியா மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பிவந்ததற்கு, பெரிய கார்டின் நற்பெயர் சிறிய கார்டை விற்றுக்கொடுக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

லேப்டாப்பில் நிலைமை இன்னும் கெட்டது, நம் ஊரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பெற்றோர் வாங்கித்தருவது பெரும்பாலும் அதைத்தான். 2016 வரை லேப்டாப் சிப்பின் பெயரில் எம் என்ற எழுத்து இருந்தது. 10 வரிசையில் லேப்டாப்புக்கும் மேசைக்கணினிக்கும் இடைவெளி ஏறக்குறைய மறைந்ததால் அந்த எழுத்தை எடுத்தார்கள், அன்று அது நியாயம். பிறகு இடைவெளி திரும்பிவந்தது, எழுத்து திரும்பவில்லை. மேசைக்கணினி 4070-க்கு 5888 கோர், 12 ஜிபி, 200 வாட். லேப்டாப் 4070-க்கு 4608 கோர், 8 ஜிபி. மின்சாரமோ தயாரிப்பாளர் விருப்பப்படி 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. ஒரே பெயர் தாங்கிய இரண்டு லேப்டாப்புகளுக்கு நடுவில்கூட மூன்று மடங்கு மின்சார வித்தியாசம் இருக்கலாம். விவரக்குறிப்பில் லேப்டாப் ஜிபியு என்று சேர்த்துத்தான் அச்சிடுகிறார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். கடை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எண் மட்டும்தான்.

இந்தப் பழக்கத்தின் எல்லை 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் தெரிந்தது. 4090இன் திறன் 549 டாலருக்கு 5070-இல் கிடைக்கும் என்று ஹுவாங் அறிவித்தார். 6144 கோரும் 12 ஜிபியும், 16384 கோருக்கும் 24 ஜிபிக்கும் சமம் என்றாயிற்று. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 என்ற நுட்பம், உண்மையாக வரைந்த ஒரு ஃபிரேமுக்குப் பிறகு மூன்று ஃபிரேம்வரை ஊகித்து இடையில் செருகுகிறது. அந்த எண்ணிக்கையை வைத்துச் சொன்ன கணக்கு அது. திரையில் 120 ஃபிரேம் ஓடினாலும் விளையாட்டு நம் விரலுக்குப் பதில் சொல்வது உண்மையாக வரைந்த முப்பதின் வேகத்தில்தான். படம் வழுவழுப்பாகத் தெரிவது ஒரு நல்ல வசதி, அதை வசதி என்றே விற்கலாம். அதைத் திறன் என்று பெயரிட்டு வேறொரு கார்டின் எண்ணோடு சமன்செய்தபோது, எண் என்பது எதையும் குறிக்காமலே விலையை மட்டும் தாங்கும் நிலைக்கு வந்துவிட்டது. போட்டியாளரும் இதை எதிர்க்கவில்லை, கூடவே சேர்ந்துகொண்டார். 2025இல் ஏஎம்டி தன் பழைய எண்முறையை விட்டுவிட்டு 9070, 9060 என்று என்விடியாவின் எழுபதுக்கும் அறுபதுக்கும் நேராகப் பெயர் சூட்டியது. எந்த எண் வாங்குகிறவர் மனத்தில் பணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு நிறுவனங்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதை இன்னும் தரம் என்று நம்பிக்கொண்டிருப்பது விமர்சகர்கள்தான்.

எனவே விமர்சகர்களிடம் கேட்பது இது. முந்தைய எழுபதைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்ற தலைப்பை விட்டுவிடுங்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு, முப்பதாயிரம் ரூபாய்க்கு இன்று என்ன கிடைக்கிறது, இரண்டு ஆண்டுக்கு முன் அதே பணத்துக்கு என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். கையில் இருப்பது 16 ஜிபி கார்டு என்றால் தலைப்பிலேயே 16 ஜிபி என்று போடுங்கள், தராத கார்டுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். வாங்குகிறவர் ஒருவர் 5070-க்கு என்விடியா இந்தியாவில் அறிவித்த 59,000 ரூபாயை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால், கடைக்காரரிடம் முதலில் மாடல் எண்ணைக் கேட்க வேண்டாம். எத்தனை ஜிபி மெமரி, எத்தனை பிட், எத்தனை வாட், நான் ஆடும் விளையாட்டில் செருகாத ஃபிரேம் எத்தனை என்று கேளுங்கள். நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள்.