ஒரு லேசர் நோட்டீஸ், நாலு தொப்பை

போன வாரம் பேப்பருக்குள்ளிருந்து ஒரு நோட்டீஸ் விழுந்தது. திருச்சியில் உள்ள ஒரு கிளினிக்குடையது. பெயர் வேண்டாம், இதே வாசகங்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். “கத்தி இல்லை, வலி இல்லை. லேசர் மூலம் கொழுப்பு கரைப்பு. பிரசவத் தொப்பை, தொங்கும் தோல், சுகர், பி.பி. எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு.”

நான் பழைய பேப்பரோடு போட்டிருப்பேன். ஆனால் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இருக்கும் என் சித்தி பொண்ணு அதே நோட்டீஸை மடித்து பர்ஸில் வைத்திருந்தாள். ரெண்டு சிசேரியன் ஆனவள். “அண்ணா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். நகைச் சீட்டு முடியறது, அதுல கட்டிடலாம்னு பாக்கறேன்” என்றாள். அதனால்தான் ஒரு நோட்டீஸுக்கு விமர்சனம் எழுத வேண்டி வந்தது.

முதலில் அந்த ‘லேசர்’ என்ற சொல். அதற்குள் ரெண்டு வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. ஒன்றில் தோலில் சின்னத் துளை போட்டு, மெல்லிய ஃபைபரை உள்ளே விட்டு, கொழுப்பைச் சூடாக்குவார்கள். பல சமயம் உறிஞ்சியும் எடுப்பார்கள். அமெரிக்காவில் 2006ல் அனுமதி பெற்ற 1064 நானோமீட்டர் லேசர் இந்த வகை. இதில் மரப்பு ஊசி உண்டு, தீக்காயத்துக்கும் தொற்றுக்கும் வாய்ப்பு உண்டு. சின்னதாக இருந்தாலும் ஆபரேஷன் ஆபரேஷன்தான்.

இன்னொன்று வெளியிலிருந்தே வேலை செய்வது. 1060 நானோமீட்டர் ஒளி. தோலைக் குளிர்வித்துக்கொண்டே, அடியிலுள்ள கொழுப்பை 42 முதல் 47 டிகிரி வரை சூடாக்கும். ஒரு தடவைக்கு 25 நிமிஷம். இந்த அலைநீளத்தை நம் தோலின் நிறமி குறைவாகவே உறிஞ்சும் என்பதால் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஒத்துவரும். இது நிஜமான நல்ல விஷயம். நோட்டீஸில் அது மட்டும் இல்லை!

‘கரைப்பு’ என்ற சொல்லும் சரியில்லை. வெண்ணெய் உருகுகிற மாதிரி எதுவும் நடப்பதில்லை. சூட்டில் அடிபட்ட செல்களை உடம்பு மெதுவாக அப்புறப்படுத்துகிறது. பலன் தெரிய சுமார் 12 வாரம். பெரிதாகச் சொல்லப்படும் எண் ‘24 சதவீதம் வரை’. எதில் 24? உடல் எடையில் இல்லை, லேசர் பட்ட இடத்துக் கொழுப்பு அடுக்கின் தடிமனில். அடுக்கு 3 செ.மீ. என்றால் அதிகபட்சம் 7 மி.மீ. சொச்சம். புடவை கட்டும்போது தெரியலாம். எடை மிஷினில் தெரியாது.

என் முக்கியமான குறை வேறு. நோட்டீஸ் ‘தொப்பை’ என்று ஒரே சொல்லால் சொல்வது நாலு சங்கதி. தோலுக்கடியில், கையால் பிடித்தால் சிக்குகிற கொழுப்பு. நீண்டுபோய்த் தளர்ந்த தோல். பிரசவத்தில் நடுவில் விலகிப்போன வயிற்றுத் தசை. குடலைச் சுற்றி உள்ளே இருக்கிற கொழுப்பு. லேசர் முதலாவதைத் தொடும். சூட்டில் கொலாஜன் கொஞ்சம் இறுகுவதால் ரெண்டாவதில் சுமாரான பலன் கிடைக்கலாம். விலகின தசையை அது ஒன்றும் செய்யாது. அதற்குப் பயிற்சி, சிலருக்கு அறுவை சிகிச்சை. சுகரோடு நெருங்கிய உறவுள்ளது நாலாவது. அங்கே இந்த ஒளி போகவே போகாது.

‘சுகருக்கும் தீர்வு’ என்பதற்கு 2004லேயே பதில் வந்துவிட்டது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஓர் ஆய்வு. உடல் பருமனுள்ள 15 பெண்களுக்கு லிபோசக்‌ஷனில் சுமார் 10 கிலோ கொழுப்பை எடுத்தார்கள். வாரங்கள் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் திறன் முன்னேறவில்லை. 10 கிலோவுக்கே இந்தக் கதை என்றால் 7 மி.மீ. என்ன செய்யும்?

‘முன், பின்’ படங்களில் ‘பின்’னில் வெளிச்சம் வேறு, பாவாடை நாடா ரெண்டு விரல் மேலே. ‘அந்தக் காலத்துப் பெண்கள் இப்படியெல்லாம் கவலைப்பட்டார்களா’ என்று ஆரம்பிக்க நான் தயாரில்லை. பெரிய கோயில் வேணுகோபாலன் சந்நிதி வெளிச்சுவரைப் பாருங்கள். அந்தச் சிற்பப் பெண்களின் இடுப்புக்கு முன்னால் எந்த ‘பின்’ படமும் தோற்கும். ஆசை பழசு. சிற்பி கல்லைச் செதுக்கினார், யாருக்கும் மரப்பு ஊசி போடவில்லை.

‘வலி இல்லை’ என்று எழுதுகிறவர்கள் 2022 மே மாதத்தை நினைக்க வேண்டும். பெங்களூரில் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்க அறுவை சிகிச்சைக்குப் போய் இறந்துபோனார். வயது 21. அது லேசர் என்று நான் சொல்லவில்லை. ‘சும்மா போய்ட்டு வந்துடலாம்’ என்ற நினைப்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்கிறேன்.

இத்தனைக்கும் 1954ன் மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமன், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றுமே இருக்கின்றன. கருவிக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வக்கீல்கள் பேசட்டும். அப்போதே அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது, மனுஷன் எங்கே ஏமாறுவான் என்று.

தங்கையிடம் போகாதே என்று சொல்லவில்லை. அவள் உடம்பு, அவள் பணம். நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன்: வெளி லேசரா, உள் லேசரா? செய்வது டாக்டரா? என் வயிற்றில் இருப்பது கொழுப்பா, தசை விலகலா, யார் பார்த்துச் சொல்வார்கள்? ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரி?

போன் பண்ணிக் கேட்டிருக்கிறாள். “நேர்ல வாங்க மேடம், ஆஃபர் ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்” என்றார்களாம்.

முதலில் சிசேரியன் பார்த்த டாக்டரம்மாவிடம் தசையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்கிறாள். நோட்டீஸ் இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது.