சுற்றறிக்கையும் சோற்றுத் தட்டும்

பிள்ளைகளின் உடல் பருமனைத் தடுக்கும் பள்ளித் திட்டங்களை எடைபோடத் திருச்சி பொருத்தமான ஊர். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இங்குள்ள பாப்பாக்குறிச்சியில்தான். தனிப் பணியாளர், தனி நிதி, தினமும் கண்முன் வரும் தட்டு: பசியை எதிர்த்த அத்திட்டம் விட்டுச்சென்ற அளவுகோல் இது. பருமனை எதிர்க்கும் திட்டங்களையும் இதே கோலால் அளப்பதுதான் முறை.

முதலில் சட்டம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறைகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும், வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கத் தடை விதிக்கின்றன. பிள்ளையின் மனக்கட்டுப்பாட்டை நம்பாமல் சூழலைத் திருத்த முனைவது இதன் சிறப்பு. வரைந்த வட்டம் ஊருக்குப் பொருந்தாதது இதன் குறை. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளி விடும் நேரத்தில் வாயிலிலிருந்து எண்ணி நடந்தேன். எழுபது எட்டுக்குள்ளேயே பெட்டிக்கடையில் சரம் சரமாகச் சிப்ஸ். அதைத் தாண்டிச் சில எட்டில் பேக்கரி, சூடான பப்ஸ், குளிர்பானம். முன்னது விதிமீறல், பின்னது சட்டப்படி சுத்தம். பிள்ளையின் கைக்கு இரண்டும் ஒன்றே.

அடுத்தது, 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. பணித்த சர்க்கரைப் பலகை. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டுவது எளிது, செலவு குறைவு, சொல்வதும் உண்மை. ஆனால் அறிந்தவுடன் பழக்கம் மாறும் என்பது வெறும் அனுமானம். இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸில், தினசரி உடற்பயிற்சியும் சமையல் வகுப்பும் சேர்த்து ஓராண்டு நடத்திய திட்டமே உடல் எடைக் குறியீட்டைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றவில்லை என, 54 பள்ளிகளை ஒப்பிட்ட 2018 ஆய்வு கண்டது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் பள்ளியில் பலகை மட்டும் என்ன சாதிக்கும்?

பெரிய முரண் பரிசோதனையில் இருக்கிறது. தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கே போகிறது. சென்னையில் நடந்த ‘ஆரஞ்சு’ ஆய்விலோ அதிக எடையும் பருமனும் தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதம், அரசுப் பள்ளிகளில் 3.6. குழு செல்லும் திசை ஒன்று, சிக்கல் குவிந்த திசை வேறு. எடை மிகுந்த பிள்ளை கண்டறியப்பட்டாலும், மாதாமாதம் தொடர்ந்து பார்க்கப் பள்ளியில் அதற்கென ஆள் இல்லை.

தொடர்ந்து பார்த்த சிங்கப்பூருக்குப் பலன் கிடைத்தது: 1992இல் 14 சதவீதமாக இருந்த மாணவர் பருமன் விகிதம், பள்ளித் திட்டம் ஒன்றால் பத்தாண்டில் பத்துக்குக் கீழே இறங்கியது. ஆனால் பருத்த பிள்ளைகளைத் தனியே பிரித்து ஓடவிட்டதால் கேலியும் வளர்ந்தது. 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதன் ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம், பிரித்து நிறுத்தும் வழக்கத்தை அல்ல.

தடுப்பில் நோக்கம் சரி, நிறைவேற்றம் பாதி. சிகிச்சை இன்னும் தொடங்கவே இல்லை. பொறுப்பாளரும் நிதியும் இல்லாதவரை இவை சுற்றறிக்கைகளே. பசியின் கேடுகளை எழுதிப் பலகை மாட்டியதோடு நின்றிருந்தால், பாப்பாக்குறிச்சியை இன்று யாரும் நினைவுகூர மாட்டார்கள்.