கேனிஸ்டர் ஃபில்டர்: ‘மணிக்கு எத்தனை லிட்டர்’ மட்டும் போதுமா?

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் கேனிஸ்டர் ஃபில்டர் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “மணிக்கு எத்தனை லிட்டர்?” என்பதைத்தான். அட்டைப்பெட்டியிலும் அந்த எண்தான் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: உள்ளே எவ்வளவு மீடியா (பீங்கான் வளையம், ஸ்பாஞ்ச் போன்ற வடிகட்டும் பொருள்) கொள்ளும், எவ்வளவு சுலபமாகத் திறந்து கழுவ முடியும்.

மீன்கள் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த நீரிலும் அது மீனைக் கொல்லும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பீங்கான் வளையங்களிலும் ஸ்பாஞ்சின் துளைகளிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். அவற்றுக்கு இடமும் ஆக்சிஜனும் வேண்டும். தொட்டிக்கு வெளியே, பல லிட்டர் மீடியாவைத் தாங்கும் கேனிஸ்டர் அந்த இடத்தைத் தாராளமாகத் தருகிறது. மீன் நீந்தும் இடத்தை அடைப்பதில்லை, சத்தமும் குறைவு. பெரிய தொட்டிக்கும், கழிவு அதிகம் விடும் கோல்டுஃபிஷுக்கும் இதன் பயன் உண்மையானது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 255 லிட்டர் கொள்ளும். தொட்டி நீர் மணிக்கு நான்கைந்து முறை சுழல வேண்டும் என்ற வழக்கமான கணக்குப்படி 1,000 லிட்டருக்கு மேல் வேண்டும். ஆனால் அட்டையில் உள்ள அளவு பெரும்பாலும் மீடியா இல்லாமல், நீரை மேலேற்றும் சுமையும் இல்லாமல் பம்ப் ஓடும்போது கிடைப்பது. மீடியா நிரப்பியதும் அது கணிசமாகக் குறையும், அழுக்குச் சேரச் சேர இன்னும் குறையும். மறுபக்கம், ஜெர்மனியின் ஈஹைம் 2213 மணிக்கு 440 லிட்டர்தான் தள்ளும். ஆனாலும் 250 லிட்டர் வரையிலான தொட்டிக்கு அதைத் தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார். மீடியா நிறைந்திருந்தால் மெதுவான ஓட்டமும் வேலை செய்யும் என்பதற்கு இது சான்று. வேகமான நீரோட்டம் பெட்டா போன்ற மீன்களைக் களைப்படையவும் செய்யும்.

குறைகளும் சிறியவை அல்ல. கேனிஸ்டர் பிடித்த அழுக்கு, கழுவி வெளியேற்றும்வரை நீரின் பாதையிலேயே கிடந்து அழுகுகிறது. மாதக்கணக்கில் திறக்காத ஃபில்டரின் மூடியைக் கழற்றினால் ஸ்பாஞ்ச் முழுக்கப் பழுப்புச் சேறு படிந்திருக்கும். தொட்டி நீர் அதன் வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ‘அடிக்கடி கழுவத் தேவையில்லை’ என்ற விற்பனைச் சொல் இங்கேதான் கெடுதல் செய்கிறது. நைட்ரேட்டையும் இந்த ஃபில்டர் பெரிதாகக் குறைப்பதில்லை. அதற்கு நீரைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்த குறை மின்வெட்டு. ஓட்டம் நின்றால் மூடிய பாத்திரத்துக்குள் ஆக்சிஜன் தீரும். சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு என்பதால், கோடையில் இது இன்னும் விரைவில் நடக்கும். சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் மடியத் தொடங்கலாம். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு அப்படியே ஓடவிட்டால், அழுகிய நீர் நேராகத் தொட்டிக்குள் கொட்டும். எனவே திறந்து அலசிய பிறகே ஓடவிட வேண்டும். அதுவும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அல்ல, தொட்டியில் எடுத்த நீரில். துணைக்கு பேட்டரி ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று இருப்பது நல்லது.

இரண்டடித் தொட்டியில் சில கப்பிகள் மட்டும் வளர்ப்பவருக்குக் கேனிஸ்டர் வீண்செலவு. அங்கே ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். குஞ்சுகளையும் அது உறிஞ்சிக்கொள்ளாது.

கேனிஸ்டர்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர், கடையிலேயே மூடியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். வால்வை மூடி, டியூப்போடு தனியே கழற்ற முடிகிறதா? மீடியா கூடைகள் தடையின்றி வெளியே வருகின்றனவா? மூடியில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங்கும், நீரைத் தள்ளும் இம்பெல்லரும் உதிரியாகக் கிடைக்குமா? ஓ-ரிங்கில் ஒரு மணல் துகள் சிக்கினாலே தரை நனையும் என்பதால் கடைசிக் கேள்வியை விடக் கூடாது. திறக்கச் சிரமமான ஃபில்டரை யாரும் உரிய நேரத்தில் கழுவமாட்டார்கள். கழுவாத ஃபில்டர் எத்தனை ஆயிரம் லிட்டர் தள்ளினாலும் மீனுக்கு நன்மையில்லை.